கடலோர வீட்டில் நீர்க்குளிர்விப்புக் கணினி: எதைத் துடைப்பது, எதைத் திறக்காமல் விடுவது

தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்து மாடி வீட்டில் வசிப்பதாகவும், மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியில் 240 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட ஏஐஓ குளிர்விப்பான் (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக இணைத்து, திரவம் நிரப்பி மூடியே விற்கப்படும் வகை) இருப்பதாகவும், ஜனவரியில் கடும் வேலையின்போது 68 டிகிரியாக இருந்த புராசசர் வெப்பநிலை இந்த மே மாதத்தில் 84 டிகிரியைத் தொடுவதாகவும், கணினியைப் போட்டவுடன் சில நொடிகள் தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் திரவத்தை மாற்ற வேண்டும் என்று கடைக்காரரும், ஆர்ஓ தண்ணீரை ஊற்றினாலே போதும் என்று நண்பரும் சொல்ல, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை திரவத்தை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த 16 டிகிரி ஏற்றம் கோளாறா, வெறும் கோடைக்காலமா, கோளாறு என்றால் வீட்டிலேயே தீர்க்கக்கூடியதா என்பதுதான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

என் அறிவின் எல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட் வளாகத்தில் ஒரு ரசாயன ஆலையின் குளிர்விப்பு நீர்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றினேன். குழாய்க்குள் ஓடும் நீர் எந்த உலோகத்தை எப்படி அரிக்கும், எதைக் கலந்தால் அந்த அரிப்பு அடங்கும் என்பதைப் பார்ப்பதே அங்கு என் அன்றாட வேலை. ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரிக்குக் குடிவந்து, தெரிந்தவர்களின் கணினிகளை, குறிப்பாக நீர்க்குளிர்விப்பு உள்ளவற்றை, பிரித்துத் துப்புரவு செய்து பூட்டிக் கொடுத்து வருகிறேன். ஆகவே நீர், உலோகம், வெப்பம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதைப் பொறுப்போடு சொல்ல முடியும். மதர்போர்டின் மின்சுற்றுக் கோளாறுகள் என் துறை அல்ல என்பதால் அவற்றைத் தொடவில்லை.

முதலில் ஐயத்துக்கே இடமில்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கணினியில் உள்ள ரேடியேட்டர், அறையின் காற்றைவிடக் குளிர்ந்த நீரை ஒருபோதும் தர முடியாது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நீரின் ஒரு பகுதி ஆவியாகிப் போவதால், மீதி நீர் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கும் கீழே இறங்க வாய்ப்புண்டு. மூடிய ரேடியேட்டரில் அப்படி நீர் ஆவியாகிக் குளிர்வதில்லை. புராசசரின் வெப்பத்தை நீர் வாங்கி, மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குக் கொடுக்க, மின்விசிறி தள்ளும் காற்று அதைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அறை பத்து டிகிரி சூடானால் நீரும் ஏறக்குறைய பத்து டிகிரி சூடாகும், புராசசரும் அதே அளவு ஏறும். எனவே புராசசர் வெப்பநிலையை மட்டும் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. அதிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்தால் வரும் வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் அறையின் வெப்பநிலையை நீங்கள் குறிப்பிடவில்லை. ஜனவரியில் அறை 27 டிகிரி, இந்தக் கத்திரி வெயிலில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேறுபாடு ஜனவரியில் 41, இப்போது 49. நீங்கள் பார்த்த 16 டிகிரியில் பாதி கோடையின் பங்கு. மீதி 8 டிகிரிக்குத்தான் காரணம் தேட வேண்டும். இது என் ஊகக் கணக்கு என்பதால், ஒரு சிறு வெப்பமானியை ரேடியேட்டருக்குக் காற்று நுழையும் பக்கத்தில் வைத்து, ஒரே விளையாட்டை அல்லது ஒரே மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்கிறவருக்கு, குளிர்விப்பான் கெடத் தொடங்குவது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். நான் ஒருவருக்கு ஒரே ஒரு பராமரிப்புப் பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால், இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். 84 டிகிரி என்ற எண்ணே ஆபத்தானதா என்றால், இல்லை. இன்றைய புராசசர்கள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் வைத்துள்ள உச்ச வரம்பு 90 முதல் 100 டிகிரி வரை இருக்கிறது. அதைத் தொட்டால் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீருக்கும் பம்புக்கும்தான் வரம்பு குறைவு. பெரும்பாலான பம்புகளுக்கு 60 டிகிரி நீர் என்பதே எல்லை.

வேறுபாடு கூடியிருப்பது உறுதியானால், அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்று கவனியுங்கள். கடும் வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை உச்சிக்குப் பாய்ந்தால், வெப்பம் நீருக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். புராசசருக்கும் பிளாக்குக்கும் (புராசசரின் மேல் அமர்ந்து வெப்பத்தை நீருக்குக் கடத்தும் பாகம்) இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், பிளாக் சரியாக அழுந்தாமல் இருக்கலாம், அல்லது பம்ப் நின்றிருக்கலாம். முதலில் வழக்கமான அளவிலேயே நின்று, பிறகு பத்து இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால், வெப்பம் நீருக்குப் போகிறது, நீரிலிருந்து காற்றுக்குத்தான் போகவில்லை. அப்போது ரேடியேட்டரையும் மின்விசிறியையும் பார்க்க வேண்டும். பம்பைச் சோதிக்க இரண்டு குழாய்களையும் கையால் தொட்டாலே போதும். 150 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டம் எடுத்துச் செல்லும்போது போகும் நீருக்கும் வரும் நீருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு குழாய் சுட, மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஓட்டம் இல்லை என்று அறியலாம். ஓட்டம் முழுக்க நின்றுபோனால், எந்த வேலையும் தராத நிலையிலேயே வெப்பநிலை விரைவில் உச்ச வரம்பை நோக்கி ஓடும். உங்கள் கணினி அந்த நிலையில் இல்லை என்பது நீங்கள் கொடுத்த எண்களிலிருந்தே தெளிவு.

ஆகவே என் சந்தேகம் முழுவதும் ரேடியேட்டரின் வெளிப்புறத்தின் மீதுதான். நம் கரையில் இதற்கு வலுவான காரணம் உண்டு. கடல் காற்று நுண்ணிய உப்புத் துகளைச் சுமந்து வருகிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆண்டின் பெரும்பகுதி இரவுகளில் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கிறது. அதனால் இங்கே ரேடியேட்டரில் படியும் தூசி, உள்நாட்டு ஊர்களில் இருப்பதுபோல் ஊதினால் பறக்கும் உலர்ந்த தூசி அல்ல. இரவில் நனைந்து, பகலில் கணினியின் வெப்பத்தில் காய்ந்து, மறுபடி நனைந்து தகடுகளோடு ஒட்டிக்கொள்ளும் தூசி. சமையலறைப் புகையும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும், கொசுவர்த்திச் சுருளும் இருக்கும் வீட்டில் அதன்மேல் ஒரு பிசுக்கும் சேர்ந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் மின்விசிறி இறக்கைகள் சுத்தமாகத் தெரியும். மின்விசிறியைக் கழற்றிப் பார்த்தால்தான் அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே கம்பளி விரித்ததுபோல் படிந்திருப்பது கண்ணில் படும். நான் பார்த்த வரையில், நீர்க்குளிர்விப்பு கெட்டுவிட்டது என்று கொண்டுவரப்படும் கணினிகளில் பெரும்பான்மைக்கு இந்தப் படிவுதான் காரணம்.

துப்புரவு செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் செய்யும் துப்புரவே பல ரேடியேட்டர்களைக் கெடுக்கிறது. கணினியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பிளாக்கைப் புராசசரிலிருந்து கழற்றத் தேவையில்லை. ரேடியேட்டரை கேபினட்டோடு பிணைத்திருக்கும் திருகுகளை மட்டும் எடுத்து, குழாய்கள் முறுக்கிக்கொள்ளாதபடி ஒரு கையால் தாங்கி, மின்விசிறிகளைப் பிரியுங்கள். நீளமான திருகுகளை எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே மறுபடி போட வேண்டும். தவறான இடத்தில் நீளத் திருகை முறுக்கினால் அது நேரே நீர்க்குழலைத் துளைத்துவிடும். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளின் நீளவாக்கில் மட்டும் தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்றுவழி அடைபடும். பிறகு வீட்டு உபயோக புளோவரைக் கொண்டு, வழக்கமாகக் காற்று போகும் திசைக்கு எதிர்த் திசையில் ஊதுங்கள். பஞ்சர் கடையில் ஊதிக்கொண்டு வருவது எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கம்ப்ரசர் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் மிக அதிகம். அதை வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். மின்விசிறியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தன் வரம்பை மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும்.

ஊதியும் போகாத உப்புப் படிவுக்கு, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டு, ஈரம் மட்டும் படும்படி துடையுங்கள். உப்பைக் கரைக்கும் ஆற்றல் நீருக்குத்தான் உண்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு அது இல்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அந்த ஆல்கஹால் நன்றாக எடுக்கும், மிஞ்சிய நீரையும் சேர்த்துக்கொண்டு விரைவில் உலரும். ஆகவே முதலில் நீர், பிறகு ஆல்கஹால் என்ற வரிசையில் செய்யுங்கள். குழாயடியில் பிடித்துக் கழுவ மட்டும் வேண்டாம். கரையோரப் போர் தண்ணீரே உப்பு நீர்தான், எதை நீக்க வந்தோமோ அதையே மறுபடி பூசிவிட்டுப் போகும். முடித்தபின் சில மணி நேரம் ஃபேனுக்கு அடியில் காயவைத்து, முழுக்க உலர்ந்த பிறகே பூட்டுங்கள். காற்று நுழையும் இடத்து நைலான் வலையை மாதம் ஒரு முறை கழுவுவதும், ரேடியேட்டரை நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை இப்படித் துடைப்பதும் உங்கள் தெருவுக்குப் போதுமானது. விழுப்புரத்திலோ விருத்தாசலத்திலோ இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பேன்.

துடைக்கும்போது தகடுகளில் சுண்ணாம்புபோல் வெண்பொடி தென்பட்டால், அது தூசி அல்ல, அலுமினியம் அரிக்கப்பட்டதன் அடையாளம். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருந்து அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். போன உலோகத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆனால் உப்பை நீக்கினால் அரிப்பின் வேகம் குறையும். தகடுகளில் மட்டும் பொடி இருந்தால் கவலை வேண்டாம். நீர் ஓடும் தட்டைக் குழல்களின் மேலோ, ஓரத்தில் அவை தொட்டியோடு சேரும் இடத்திலோ பொடியும் ஈரக்கசிவும் ஒன்றாகக் காணப்பட்டால், அந்தக் குளிர்விப்பானை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

இனி அந்தக் கொப்பளிக்கும் ஓசை. மூடிய குளிர்விப்பானிலும் நீர் குறையத்தான் செய்கிறது. ரப்பர் குழாயின் சுவர் வழியே நீராவி மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில், வெளியேறிக்கொண்டே இருக்கும். போன நீரின் இடத்தைக் காற்று பிடிக்கும். கணினி நின்றிருக்கும்போது உள்ளே தேங்கும் காற்று, பம்ப் ஓடத் தொடங்கியதும் நீரோடு உருண்டு ஓசை எழுப்பி, பிறகு உயரமான இடத்தில் போய் ஒதுங்கிவிடும். சில நொடிகளில் அடங்குகிற ஓசை இயல்பானதே. ஓசை நிற்காமல் தொடர்ந்தாலோ, பம்பின் சுழற்சி எண்ணிக்கை மதர்போர்டின் கணக்கில் ஏறி இறங்கினாலோதான் கவலை. பம்பின் பேரிங்குக்கு அந்த நீரே மசகு. காற்றை விழுங்கிக்கொண்டு ஓடும் பம்ப் சீக்கிரம் தேயும். ஆகவே காற்று எங்கே ஒதுங்குகிறது என்பது முக்கியம். பம்ப் பிளாக்கிலேயே இருக்கும் வகையில், ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கேபினட்டின் மேல் தளத்தில் பொருத்துவது நல்லது. முன்புறத்தில் பொருத்தினால், முடிந்தவரை குழாய்கள் கீழ்ப்பக்கமாக இறங்கும்படி வைப்பது நல்லது. கேபினட்டின் அடித்தளத்தில் ரேடியேட்டரை வைத்திருந்தால் காற்று முழுவதும் பம்பில்தான் சேரும். அப்படி இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

அப்படியானால் குறைந்த நீரை ஊற்றி நிரப்பிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. உங்கள் நண்பர் சொன்னதும் அதைத்தான். இதை நான் கடுமையாக மறுப்பதற்குக் காரணம் என் பழைய வேலை. பெரும்பாலான ஏஐஓ குளிர்விப்பான்களில் புராசசரைத் தொடும் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். ஒரே நீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொடுக்கும் பக்கமாகிவிடும். அது மட்டுமல்ல, செம்பிலிருந்து கரையும் மிகச் சிறிய அளவு அயனிகள் நீரோடு போய் அலுமினியத்தின் மேல் செம்பாகவே படிந்து, படிந்த ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கிக் குழி பறிக்கும். தொழிற்சாலையில் இந்த இரண்டு உலோகங்களும் ஒரே சுற்றில் சேராதபடி வடிவமைப்பதற்கே நாங்கள் மிகவும் பாடுபடுவோம். ஏஐஓ தயாரிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்துவிட்டு, அரிப்புத் தடுப்பானும் கிளைக்காலும் கலந்த திரவத்தை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். செம்பைக் காக்கப் பென்சோட்ரையசோல் வகைச் சேர்மங்களும், அலுமினியத்தைக் காக்க வேறு சேர்மங்களும் தேவை. எந்தத் தயாரிப்பாளர் எதை எவ்வளவு சேர்த்தார் என்பதை வெளியிடுவதில்லை. அதில் ஆர்ஓ நீரைச் சேர்த்தால் தடுப்பான் நீர்த்துப்போகும், கூடவே குளோரைடும் சேரும். வீட்டு ஆர்ஓ கருவி உப்பைக் குறைக்கிறதே தவிர முழுவதும் நீக்குவதில்லை. சுவைக்காகக் கனிமத்தைத் திரும்பச் சேர்க்கும் கருவிகளும் உண்டு. முதல் சில வாரங்கள் வெப்பநிலை குறைந்து நன்றாகவே ஓடும், பிறகு புராசசர் தகட்டின் மயிரிழை இடைவெளிகளில் அரிப்புக் கசடு போய் அடைத்துக்கொள்ளும். திறந்த அன்றே உத்தரவாதமும் போய்விடும். எனவே எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு, உங்களிடம் இருக்கும் வகையைப் பொறுத்தவரை, மாற்றவே கூடாது என்பதுதான் பதில்.

விதிவிலக்கு உண்டு. பீ கொயட் நிறுவனத்தின் பியூர் லூப் போன்ற சில மாதிரிகளில் நிரப்புவதற்கென்றே ஒரு திறப்பு வைத்து, அதே திரவத்தையும் சிறு பாட்டிலில் கொடுக்கிறார்கள். அத்தகையவற்றில் அவர்கள் சொன்ன காலத்தில், அவர்கள் கொடுத்த திரவத்தையே ஊற்றலாம். உங்களுடையதில் அப்படி ஒரு மூடி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

தனித்தனியாகப் பம்ப், தொட்டி, ரேடியேட்டர் வாங்கி இணைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. இதே கேள்வியோடு வரும் அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே திரவத்தை ஆண்டுக்கு ஒரு முறை வடித்து மாற்றுவது நல்ல வழக்கம். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய பாகங்கள் மட்டும் இருக்கட்டும். விலை குறைவு என்று ஒரே ஒரு அலுமினிய ரேடியேட்டரைக் கூட நுழைக்காதீர்கள். தனி டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றினால் நம் வெப்பத்தில் பாசியும் நுண்ணுயிரும் வளரும். ஆகவே தடுப்பானும் உயிர்க்கொல்லியும் கலந்த ஆயத்தத் திரவமே மேல். பால்போல் வெளிறிய அலங்கார நிறத் திரவங்கள் காலப்போக்கில் திரிந்து அடைப்பதுண்டு. பராமரிக்க நேரமில்லாதவர்கள் நிறமற்றதையே ஊற்றுங்கள். கார் கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தையும் நாயும் பூனையும் உள்ள வீட்டில் அதை நான் அனுமதிக்க மாட்டேன். அக்ரிலிக் தொட்டியையோ பிளாக்கையோ ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம், மெல்லிய விரிசல்கள் விட்டுவிடும். மறுபடி நிரப்பியதும் கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் தனி சப்ளையில் ஒரு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாளை விரித்து ஈரம் படுகிறதா என்று பார்த்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

ஏசி அறையில் நீர்க்குளிர்விப்பு வியர்க்குமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது வியர்க்காது. நீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருப்பதால் அதன்மேல் பனி படிய வழியில்லை. ஆபத்து அணைத்த பிறகுதான். இரவெல்லாம் 23 அல்லது 24 டிகிரியில் ஏசி ஓடிய அறையில் கணினியும் அதே அளவு குளிர்ந்திருக்கும். விடிந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால், 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள கடல் காற்று உள்ளே வரும். அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும், ஏசி பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல. உப்புத் தூசி படிந்த மதர்போர்டின் மேல் அந்த ஈரம் இறங்குவது நல்லதல்ல. ஜன்னலைத் திறந்தால் அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கணினியைப் போடுங்கள். மேலும், ஏசியின் காற்று நேரே கேபினட்டின் மேல் படாதபடி இடத்தை அமையுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கணினியைப் பல நாள் சும்மா விடாமல் தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது, உள்ளே ஈரம் தங்காமல் காக்கும். மூடி வைக்க விரும்பினால் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில் வீசியபோது மின்சாரமின்றி நாட்கணக்கில் மூடிக் கிடந்த வீடுகள் ஏராளம். அத்தகைய நாட்களுக்குப் பிறகு கேபினட்டைத் திறந்து, ஃபேனில் ஒரு பகல் முழுக்க உலரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தரைத்தளத்தில் இருப்பவர்கள் கணினியை மேசைக்கு மேல் ஏற்றிவிடுவது நல்லது. மின்வெட்டால் பம்ப் திடீரென நின்றால் என்ன ஆகும் என்ற அச்சம் தேவையில்லை, புராசசரும் அதே நொடியில் நின்றுவிடுகிறது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) ஒன்றை மட்டும் சரிபாருங்கள். உங்கள் குளிர்விப்பானின் கையேடு வேறு விதமாகச் சொல்லாத வரை, பம்பின் இணைப்பு புராசசர் வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்கும் முறையில் இல்லாமல், எப்போதும் முழு வேகத்தில் இருக்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தில் பம்ப் தொடங்கத் திணறி நின்றுபோவதை நான் கண்டிருக்கிறேன். மின்விசிறிகள் மெதுவாகவே ஏறி இறங்கட்டும், அதனால் இழப்பில்லை.

இந்தத் தொழில் செய்பவர்களிடையே ஒத்த கருத்து இல்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டும். தெர்மல் பேஸ்ட்டை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்பார் சிலர். வெப்பநிலை வேறுபாடு ஏறாத வரை தொடவேண்டாம் என்பது என் முடிவு, ஆனால் பிளாக்கை ஒரு முறை கழற்றினால் பழைய பேஸ்ட்டோடு மறுபடி பூட்டக் கூடாது என்பதில் எல்லோரும் உடன்படுகிறோம். பாசி வளராமல் இருக்க வெள்ளிக் கம்பியைச் சுற்றில் போடும் வழக்கத்தைச் சிலர் புகழ்கிறார்கள். நிக்கல் பூச்சுள்ள சுற்றில் இன்னொரு உலோகத்தைச் சேர்ப்பது எனக்கு உவப்பில்லை. ரேடியேட்டரைக் குலுக்கினால் ஓசை போகிறது என்பது உண்மையே, காற்றுக் குமிழி இடம் மாறுவதால். அது நீரைக் கூட்டுவதில்லை. ஒரு ஏஐஓ எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு உறுதியான எண் எதுவும் தர முடியாது. நல்ல நிறுவனங்கள் ஐந்து ஆறு ஆண்டுகள் வரை உத்தரவாதம் தருகின்றன என்பதைக் கொண்டு நீங்களே கணித்துக்கொள்ளலாம். உப்புக் காற்றில் அது குறையும் என்பது என் அனுபவத்தின் வழி வந்த கருத்தே தவிர, அளந்து நிறுவிய உண்மை அல்ல.

எப்போதாவது கசிவைக் கண்டால், முதல் வேலை சுவர் சுவிட்சை அணைப்பது. டிஸ்டில்டு வாட்டர் மின்சாரம் கடத்தாது என்று நம்பித் தாமதிக்காதீர்கள். உலோகத்தைத் தொட்டுச் சில நாள் ஓடிய நீரும், வழியில் உப்புத் தூசியைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீரும் நன்றாகவே கடத்தும். கிளைக்கால் கலந்திருப்பதால் தானாக முழுக்கக் காயவும் காயாது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, மதர்போர்டின் சிறு பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவைத்த பிறகே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் கணினிக்கு இப்போது செய்ய வேண்டியது ரேடியேட்டரைக் கழற்றித் துடைத்து, அறை வெப்பநிலையோடு சேர்த்து மறுபடி அளப்பது. வேறுபாடு 41, 42 அளவுக்குத் திரும்பினால் விஷயம் முடிந்தது. திரும்பாமல், வேலை தொடங்கிய நொடியிலேயே வெப்பம் பாய்ந்தால் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாமல், ஓசையும் நீடித்தால், பில்லைத் தேடி எடுத்து உத்தரவாதத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுவரை எந்தக் கடையிலும் திருகைக் கழற்றித் திரவம் ஊற்ற விட்டுவிடாதீர்கள். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டிருந்தால், கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, கேபினட்டில் இடமும் புராசசரின் வாட் அளவும் அனுமதிக்குமானால், இரட்டைக் கோபுர வகைக் காற்றுக் குளிர்விப்பானையே. நிக்கல் பூசிய செம்புக் குழலும் அலுமினியத் தகடும் கொண்ட அதில் கெடக்கூடியது மின்விசிறி ஒன்றுதான், அதை எந்தக் கணினிக் கடையிலும் வாங்கிப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.